அந்த ஆறு எண்கள் போன இடம்

தேனிப் பக்கத்திலிருந்து பேசிய அந்த மனிதர் செய்தது முழுக்கச் சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்கிற எல்லோரும் முதலில் அவர்மேல்தான் கோபப்படுகிறார்கள். ஜவ்வாது மலையில் இருக்கிற ஜமுனாமரத்தூரில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்துகொண்டு, குடகு எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருவரின் எண் என்று நினைத்து நான் போன் போட்டேன். எடுத்தவர் வேறு யாரோ. "உங்களுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும்ங்க, அது இங்க ஒரு அம்மாவோட ஆதாருக்கு வந்தது" என்று விளக்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சார், நீங்க நல்லவராவே இருக்கலாம். ஆனா ஓடிபிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காங்க, மன்னிச்சுக்கோங்க" என்று வைத்துவிட்டார். அவர் இடத்தில் என் அப்பா இருந்து அந்த எண்ணைச் சொல்லியிருந்தால், அன்று இரவே நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். போளூரில் எங்கள் வீட்டுக்குப் பல வருடங்களாகப் புளியும் சாமையும், பருவத்தில் பலாப்பழமும் கொண்டுவருகிறவர். ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி, மலையில் ஒரு சின்ன ஊர். அவர் பேரில் கொஞ்சம் பட்டா நிலம் உண்டு. அதற்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த 2,000 ரூபாய், மத்திய அரசு விவசாயிகளுக்குக் கொடுக்கிற பி.எம். கிசான் பணம், நின்றுபோனது. இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது, முடிக்கவில்லை என்பதுதான் காரணம். "அது என்னான்னு நீதான் பாக்கணும் கண்ணு" என்று கேட்டதால் கூடப் போனேன்.

முதலில் ரேகை. இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தார், விழவில்லை. மையத்தில் இருந்த தம்பி, "தலையில தேச்சுட்டு வைம்மா" என்றார். தலையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சில சமயம் ரேகை பிடிக்குமாம். தேய்த்துவிட்டு வைத்தார். பிறகு ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைத்தார். ஒவ்வொரு விரலாகப் பத்தும் வைத்துப் பார்த்தாயிற்று. புளி உடைத்து, களை பிடுங்கி, விறகு கட்டித் தேய்ந்துபோன விரல்கள் அவை. கண்ணாடிமேல் அவர் விரலை அழுத்திய விதம் இன்னும் எனக்கு மனசில் நிற்கிறது. பலமாக அழுத்தினால் நம்புவார்கள் என்பதுபோல, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். சரி, ரேகை இல்லாவிட்டால் ஓடிபி. ஆதாரோடு இணைந்த எண் எது? பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிவைத்திருந்தார். மகனுடைய எண். திரையில் தெரிந்த கடைசி எண்களும் அதோடு ஒத்துப்போயின. அந்தத் தம்பி பொத்தானை அழுத்தினார். ஆறு எண்கள் கிளம்பிப் போய்த் தேனிக்காரரின் சட்டைப் பையில் விழுந்தன.

அந்த எண் அங்கே போனதன் கதையும் சுருக்கம்தான். மகன் காப்பி எஸ்டேட்டுக்குப் போனார். அங்கே வேறு கம்பெனி சிக்னல்தான் கிடைத்தது, புது சிம் வாங்கினார். பழையதற்கு ரீசார்ஜ் செய்யவில்லை. 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு தனியார் நிறுவனங்களில் ஒரு எண்ணை 28 நாள் உயிரோடு வைத்திருக்கவே ஏறக்குறைய 200 ரூபாய் ஆகிறது. இரண்டு சிம்முக்கும் கட்ட யாரிடம் காசு இருக்கிறது? 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம், கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். விதிப்படியே நடந்திருக்கிறது. மகன்மேல் குற்றமில்லை, தேனிக்காரர்மேல் குற்றமில்லை, இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய அந்தத் தம்பிமேலும் இல்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். அந்த அம்மாவுக்கு மட்டும் பணம் இல்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. யாராவது ஒருவர் லஞ்சம் கேட்டிருந்தால், யாராவது ஒருவர் சோம்பேறியாக இருந்திருந்தால், கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன்.

கம்பி வந்துகொண்டுதான் இருக்கிறது

கிராமத்துக்கும் தீவுக்கும் இணையம் என்ற பேச்சு வந்தால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கம்பியும் டவரும்தான். அந்த வேலை ஒன்றும் சாதாரணமானதில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலுக்கடியில் போட்ட கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று போய் கிரேட் நிக்கோபார் வரை அது நீள்கிறது. அதற்கு முன்பு அந்தத் தீவுகள் முழுவதும் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன. அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். லட்சத்தீவுக்கும் கொச்சியிலிருந்து 2024 ஜனவரியில் கம்பி போய்விட்டது. நிலத்தில், ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகிற மத்திய அரசின் பாரத்நெட் திட்டம். 2011-இல் வேறு பெயரில் தொடங்கி, இழுத்து இழுத்து, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோவது அதன் ஒரு பகுதி. டவரே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இவை எல்லாம் வேண்டும். ஜவ்வாது மலையில் பாறைமேல் ஏறி நின்று போன் பேசுகிறவர்களைப் பார்த்த யாரும் டவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஊர் வரைக்கும்தான் வருகிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்தால் அந்த ஊராட்சி இணைந்துவிட்டது. மலையில் ஒரு ஊராட்சி என்பது காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள். அலுவலகத்திலிருந்து கடைசி ஊருக்கு நடந்தால் பொழுது போய்விடும். ஊருக்குள் சிக்னல் வந்தாலும் போன் யார் கையில் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். கிராமப்புறப் பெண்களை மட்டும் எடுத்தால் நான்கில் ஒருவர். அந்தக் கணக்கெடுப்பு 49 வயது வரையுள்ள பெண்களைத்தான் கேட்கிறது. எங்கள் புளிக்கார அம்மா அதில் வரவே மாட்டார்.

ஊரில் டவர் இருக்கிறதா இல்லையா என்பது வேறு, ஒரு ஆளுக்கு இணைப்பு இருக்கிறதா என்பது வேறு. ஆனால் டவர் வந்துவிட்டது என்ற தைரியத்தில்தான், பழைய வழிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. முன்பு கிராம நிர்வாக அலுவலர் முகம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட இடத்தில் இப்போது ஆறு எண்கள் கேட்கிறார்கள். பழைய முறையில் ஊழல் இருந்தது, அலைக்கழிப்பு இருந்தது, நான் அதற்காக ஏங்கவில்லை. ஆனால் அதில் கெஞ்சவாவது ஒரு ஆள் இருந்தார்.

வளையம்

2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவு நாட்டில் கடலுக்கடியில் எரிமலை வெடித்தது. அந்த நாட்டை வெளியுலகத்தோடு இணைத்திருந்தது ஃபிஜி வரை போன ஒரே ஒரு கடலடிக் கம்பி. அது அறுந்தது. முக்கியத் தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. அங்கிருந்து மற்ற தீவுகளுக்குப் போன உள்நாட்டுக் கம்பியும் சேர்ந்து அறுந்திருந்தது, அதைச் சரிசெய்ய அடுத்த ஆண்டு வரை ஆகிவிட்டது. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் மக்கள் அவர்கள். கம்பி அறுந்தால் பேச்சு மட்டும் நிற்பதில்லை, அரிசி வாங்கும் காசும் நிற்கும்.

இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே கம்பியை நம்பினால் ஒரு நாள் அறும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வளையமாகப் போடச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்டாலும் மறு பக்கம் சுற்றிக்கொண்டு செய்தி போய்ச் சேரும். நம் பாரத்நெட்டிலேயே இந்தப் பாடம் உண்டு. முதலில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு நேர்கோட்டில் இழை போட்டார்கள். சாலை அகலப்படுத்தும்போது ஒரு ஜேசிபி கொத்தினால் அதற்கப்புறம் இருக்கிற ஊரெல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்ட்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில் அதை வளையமாக மாற்ற முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு.

கண்ணாடி இழைக்கு இன்னொரு வழி வேண்டும் என்று யோசித்தவர்கள் மனிதருக்கு ஏன் யோசிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. அந்த அம்மாவுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் ஒரு ரேகை, அது தேய்ந்தால் ஒரு போன் எண். இரண்டும் போன பிறகு அந்த மேஜையில் மூன்றாவதாக எதுவும் இல்லை. எழுத்தில் இல்லாமல் இல்லை. ரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் உதவியை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கிசான் திட்டத்துக்கே 2023 ஜூனிலிருந்து முகம் காட்டிச் சரிபார்க்கும் செயலி உண்டு. ஆனால் அதற்கு நல்ல கேமராவும் ஓடுகிற இணையமும் உள்ள போன் வேண்டும், அதைப் பிடித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அன்று மையத்தில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. எங்களுக்குப் பின்னால் சாதிச் சான்றிதழுக்கு வந்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்ட ஒரு பெண் வங்கிக் கணக்கு தொடங்கப் போகிறார், கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், அவரால் சிமிட்ட முடியாது. அதிலிருந்து வந்த வழக்கு. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, மின்னணு வசதிகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி கேஒய்சி முறைகளில் மாற்றுவழிகள் வேண்டும் என்று பல கட்டளைகளைப் பிறப்பித்தது. என்னைப் பொறுத்தவரை சமீப காலத்தில் வந்த மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று அது. இணையம் கொடுத்துவிட்டால் போதும் என்று நிற்காமல், கொடுத்த வழியில் வர முடியாதவருக்கு என்ன செய்வாய் என்று கேட்கிறது. கிராமத்து இணையத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

இதை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருந்திருக்கிறது. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், மற்ற ஊர்களுக்கு அங்கிருந்து செய்தி போகும். தொலைபேசி லைன் சரியில்லாத இடங்களுக்கு ரேடியோ அலை வழியாக அனுப்பினார்கள். மையத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே, அதில் பெண்கள் நிறையப் பேர். வீராம்பட்டினம் மீனவ ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஆக்கி, ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வலை சரிசெய்துகொண்டிருக்கிறவர், மீன் காயவைக்கிறவர், கணினியைப் பார்த்தே இராத கிழவர், எல்லோர் காதிலும் விழும். யாருக்கும் பாஸ்வேர்ட் தேவையில்லை. ஊருக்கு ஒரே ஒரு இணைப்பு, அதன் பயன் ஊர் முழுக்க.

2004 டிசம்பர் 26 அன்று அதே கடற்கரையில் நல்லவாடு என்ற ஊரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுகிறார். ஊருக்குள் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறது. சனங்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொல்லி அறிவிக்கிறார்கள். ஊர் தப்பித்தது. ஒரே ஒரு போன் அழைப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அதை எல்லோருடையதாக மாற்றுகிற ஒரு ஏற்பாடு ஏற்கெனவே அந்த ஊரில் இருந்ததுதான்.

செல்போன் பரவியதும் இனி இந்த மையங்கள் எதற்கு என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆளுக்கொரு போன் இருக்கும்போது ஊருக்கு ஒரு கணினி எதற்கு? நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆளுக்கொரு போன் என்பது எல்லா ஆளுக்கும் இல்லை. அவரவர் இணைப்பை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆனபோது, பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மலையில் அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் ஊரில் மகளிர் குழுத் தலைவி ஒருவர் இருக்கிறார், நாற்பது வயதுக்குள் இருக்கும். பல கிழவிகளின் ஆதாரில் அவருடைய எண்தான் இருக்கிறது. ஒரே எண்ணைப் பல ஆதாருக்கு இணைக்கத் தடை இல்லை. பழைய டைரி ஒன்றை எனக்குக் காட்டினார். இடது பக்கம் பெயர், அதற்கு நேராக ஆதாரின் கடைசி நான்கு எண்கள், அப்புறம் எதற்கு ஓடிபி வந்தது என்ற குறிப்பு: கேஸ், ரேஷன், பென்சன், பேங்க். சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் நின்று, வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு வருவார். பணம் ஏறியிருந்தால் வாசலில் நின்றே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ரீசார்ஜ் காசைக் குழுச் சந்தாவோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். "நம்பர மாத்தவே மாட்டேண்ணா. மாத்துனா இத்தன பேர் சோறு போயிரும்" என்றார்.

அவர்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனாலும் பயமாகவும் இருந்தது. அவர் நல்லவர், சரி. அதே டைரி வட்டிக்கு விடுகிற ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும்? கிழவிகளின் ஏடிஎம் அட்டையைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வதை நாம் பார்த்ததில்லையா? அவருக்கு நாளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? ஒரு தனிப்பட்ட பெண்ணின் நல்ல மனசையும் அவருடைய ஒரு சிம் அட்டையையும் நம்பி ஒரு ஊரின் உரிமைகள் நிற்கின்றன. இதுவும் வளையம் இல்லாத கம்பிதான்.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். ஊராட்சி அலுவலகம் வரைக்கும் இழை வருகிறதல்லவா, அங்கே ஒரு ஆளையும் வையுங்கள். அந்த டைரிக்காரர் போன்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள், அவர் செய்வதற்குக் கிராம சபையில் கணக்குக் கேட்கலாம் என்று இருக்கட்டும். கருவிழி பார்க்கும் கருவியும் நல்ல கேமராவும் அங்கேயே இருக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் அவை உள்ளே இருக்கும் குக்கிராமங்களுக்கும் போகட்டும். எதுவுமே பொருந்தாதபோது, "இவர் இன்னார், எனக்குத் தெரியும்" என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அந்த அலுவலகத்தில் ஒருவருக்கு இருக்க வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுக்க வழி வைத்தார்கள், அதனால் உலகம் இடிந்துவிடவில்லை. அரிசிக்கு முடிந்தது 2,000 ரூபாய்க்கும் முடியும்.

அந்த அம்மாவின் விஷயம் கடைசியில் போளூரில் முடிந்தது. ஆதார் மையத்தில் கருவிழி வைத்து அவர்தான் அவர் என்று ஏற்றுக்கொண்டார்கள். எண்ணை மாற்ற வேண்டும், யாருடையதைக் கொடுக்கலாம் என்று கேட்டார்கள். என்னுடையதைக் கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "நீ டவுன்ல இருக்க கண்ணு, ராத்திரில எனக்கு யார் வந்து சொல்லுவா" என்று குழுத் தலைவியின் எண்ணையே கொடுத்தார். அதன்பிறகு இ-கேஒய்சி நிமிடங்களில் முடிந்தது. நின்றுபோன தவணைகள் வருமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஊரில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் அடுத்தமுறை போகும்போது இதைச் செய்துவிட்டு வாருங்கள். அவர்கள் ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு எண் இணைந்திருக்கிறதா என்பதை ஆதார் இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அந்த எண் இன்னும் உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் வேறு ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள், ஆள் வந்தால் போதும். மையத்துக்கு வர முடியாதவர்களுக்காகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எண்ணை மாற்றிக்கொடுக்கும் சேவையை 2021 ஜூலையில் அஞ்சலக வங்கி தொடங்கியது, உங்கள் ஊர் தபால் நிலையத்தில் கேளுங்கள். ரேகை விழாதவர் என்றால் கருவிழிக் கருவி இருக்கிற இடமா என்று முதலிலேயே விசாரித்துவிட்டு அழைத்துப் போங்கள்.